ட்ரோனை வைத்து டிஷ் ஆன்டெனாவை அளப்பது: 10 ஜிகாஹெர்ட்ஸுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு டிஷ் எந்தத் திசையில் எவ்வளவு சிக்னல் வாங்குகிறது என்று அறிய, எதிரே ஒரு கோபுரத்தில் சிக்னல் சோர்ஸை வைத்து, இங்கே டிஷ்ஷைச் சுழற்றி அளப்பது வழக்கமான முறை. ட்ரோன் முறையில் டிஷ் அசையாது, சோர்ஸ் பறக்கும். நான் எடுத்துக்கொள்ளும் டிஷ், வீட்டு மாடிகளில் பார்க்கும் அதே 60 சென்டிமீட்டர் டிடிஎச் டிஷ். அதிர்வெண் 10368 மெகாஹெர்ட்ஸ். 10 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் அதிகம் புழங்கும் இடம் அதுதான். எண்களை மாற்றிக்கொண்டால் வேறு டிஷ்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

புதிதாக வருகிறவர்கள் சிக்கல் ரேடியோ பக்கம் வரும் என்று நினைத்து வருகிறார்கள். நான் கூட இருந்து பார்த்தவரை, பறப்பு வீணாகப் போவது பெரும்பாலும் "அந்த நொடியில் ட்ரோன் எங்கே இருந்தது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால்தான். அதனால் 6, 7 ஆகிய படிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

1. கணக்கு முதலில், கருவி அப்புறம்

10368 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 28.9 மில்லிமீட்டர். டிஷ்ஷின் விட்டத்தை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் தொலைபுலம் (அலை ஏறக்குறையத் தட்டையாக வந்து சேரும் பகுதி) தொடங்கும் தூரம் வரும். 60 சென்டிமீட்டருக்கு அது சுமார் 25 மீட்டர், 90 சென்டிமீட்டருக்கு 56, 1.2 மீட்டருக்கு 100. விட்டம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிவிடும்.

டிடிஎச் டிஷ் அகலத்தைவிட உயரம் சற்று அதிகமாக இருக்கும். பீமின் (டிஷ் அதிகமாகச் சிக்னல் வாங்கும் கற்றையின்) திசையிலிருந்து பார்த்தால் அது வட்டமாகத் தெரியும், அந்த வட்டத்தின் விட்டம் டிஷ்ஷின் அகலம். ஆகவே கணக்கில் அகலத்தைப் போடுங்கள்.

25 மீட்டரிலேயே அளந்தால் என்ன என்று கேட்பார்கள். அந்தத் தூரத்தில் டிஷ்ஷின் விளிம்புக்கு வரும் அலை, நடுவுக்கு வரும் அலையைவிட 22.5 டிகிரி கட்டத்தில் பின்தங்கி வரும். மெயின் பீமில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பீமுக்குப் பக்கத்துப் பள்ளங்கள் நிரம்பிவிடும், முதல் சைடுலோப் (மெயின் பீமுக்குப் பக்கத்தில் வரும் சிறு புடைப்பு) உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. ட்ரோனின் இடத்தில் வரும் அதே அரை மீட்டர் பிழை, 25 மீட்டரில் 1.1 டிகிரி, 100 மீட்டரில் 0.3 டிகிரிதான். அதனால் நான் 100 மீட்டரில் பறக்கிறேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நான்கு எண்களையும் எழுதிவையுங்கள். 60 சதவீதத் திறனில் கெயின் (எல்லாத் திசையிலும் சமமாக வாங்கும் ஆன்டெனாவைவிட எத்தனை டிபி கூடுதல் என்பது) சுமார் 34 டிபிஐ. பீமின் அகலம் (சக்தி பாதியாகும் இரண்டு ஓரங்களுக்கு இடையிலுள்ள கோணம்) சுமார் 3.4 டிகிரி, 100 மீட்டரில் அது 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 100 மீட்டருக்கு வெளியிட இழப்பு (வழியில் அலை பரவிக் குறைவது) 92.8 டிபி. கடைசியாக, 100 சதவீதத் திறன் இருந்தால் வரும் கெயின், 36.3 டிபிஐ. கடைசி எண் எதற்கு என்று 10-ஆம் படியில் தெரியும்.

2. அனுமதியும் இடமும்

இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். இந்த அளவீட்டுக்கு 70 மீட்டர் வரை உயரம் தேவைப்படும். 200 அடி என்பது 61 மீட்டர், அதனால் நீங்கள் எந்த வளையத்தில் இருக்கிறீர்கள் என்று வரைபடத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். பெட்டி, தாங்கி எல்லாம் ஏற்றிய பிறகு உள்ள எடையைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

சோர்ஸ் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதுவும் ஒரு டிரான்ஸ்மிட்டர். உங்கள் உரிமம் அந்த அதிர்வெண்ணை அனுமதிக்கிறதா என்று உரிமத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், நண்பர் சொன்னார் என்று வேண்டாம்.

இடத்துக்கு நான் தேடுவது வறண்ட கண்மாய். புல்லும் வெடித்த மண்ணுமாக மேடு பள்ளமாக இருக்கும் தரை, அலையைக் கண்ணாடி போலத் திருப்பாமல் சிதறடிக்கும். சிமென்ட் களம், தகரக் கொட்டகை, கம்பி வேலி பக்கத்தில் வேண்டாம். விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் காற்று எழும்பும், ஆடு மேய்க்கிறவர்களும் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்வது தனி வேலை.

3. பறக்கப்போகும் சோர்ஸ்

மலிவாகக் கிடைக்கும் ஏடிஎஃப்4351 சிந்தசைசர் போர்டு (வேண்டிய அதிர்வெண்ணை உண்டாக்கும் சர்க்யூட்) 4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரைதான் போகும். அதை 3456 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் மூன்றாவது ஹார்மோனிக் (அதிர்வெண்ணின் மூன்று மடங்கு) சரியாக 10368-இல் விழும். ஹார்மோனிக்கில் கிடைப்பது சொற்பம்தான். நமக்கு அந்தச் சொற்பமே அதிகம்.

சரி, அடிப்படை 3456 சேர்ந்து வெளியே போகாதா? அதற்குத்தான் டபிள்யூஆர்-90 வேவ்கைடு, அதாவது அலையைக் கடத்தும் செவ்வக உலோகக் குழாய். அதன் உள்ளளவு 22.86க்கு 10.16 மில்லிமீட்டர், 6.56 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது கடத்தாது. 3456 மெகாஹெர்ட்ஸ் அதற்குள் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 1 டிபி தேய்ந்துகொண்டே போகும். 5 சென்டிமீட்டர் நீளக் குழாய் போட்டாலே தனி ஃபில்டர் தேவையில்லை.

குழாயின் வாயைத் திறந்தபடி விட்டுவிடுங்கள், அதுவே ஆன்டெனா. கெயின் 6 டிபிஐ அளவுக்கு வரும், பீம் 60 டிகிரிக்கு மேல் விரிந்திருக்கும். புதியவர்கள் இங்கே 20 டிபிஐ ஹார்னை (வாய் விரிந்த வேவ்கைடு ஆன்டெனாவை) மாட்ட ஆசைப்படுவார்கள். அதன் பீம் 17 டிகிரி. காற்றில் ட்ரோன் 5 டிகிரி சாய்ந்தால் 1 டிபி போய்விடும், அந்த 1 டிபி உங்கள் டிஷ்ஷின் குறையாகப் படத்தில் வரும். திறந்த வேவ்கைடில் அதே சாய்வுக்கு 0.1 டிபிகூடப் போகாது. ட்ரோன் சாய்ந்தாலும் சாயாமல் பிடித்திருக்கும் ஜிம்பலும் தேவைப்படாது. டிஷ் இருக்கும் கோணத்துக்குச் சாய்த்த ஒரு அலுமினியத் தாங்கி போதும்.

வேவ்கைடின் வாய் ட்ரோனின் உடலுக்கும் கால்களுக்கும் முன்னே, கீழே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கார்பன் ஃபைபர் கால்களும் சுழலும் விசிறிகளும் அலையைத் திருப்பும். வாய்க்கும் உடலுக்கும் நடுவே மைக்ரோவேவ் உறிஞ்சும் கறுப்பு ஃபோம் ஒரு துண்டு ஒட்டுங்கள்.

இதில் ஒரு கண்ணிவெடி உண்டு. இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். 25-ஐ 63 ஆல் பெருக்கினால் 1575. ஜிபிஎஸ்ஸின் எல்1 அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ். ட்ரோனின் ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு ஒரு சாண் கீழே இந்தப் போர்டைத் திறந்தபடி தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். போர்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, மூடியின் விளிம்பைச் செப்பு டேப்பால் சுற்றி ஒட்டுங்கள். பிறகு தரையில் வைத்தே சோர்ஸை அணைத்தும் போட்டும் ட்ரோன் காட்டும் செயற்கைக்கோள் எண்ணிக்கையைப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் அன்று பறக்காதீர்கள்.

4. தரையில் ரிசீவர்

டிஷ்ஷின் முன்னே மாட்டும் யுனிவர்சல் எல்என்பிக்குள் (சிக்னலைப் பெருக்கி, அதிர்வெண்ணைக் குறைத்துத் தரும் பெட்டி) 9750 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் இருக்கும். 10368-இல் அதைக் கழித்தால் 618 மெகாஹெர்ட்ஸ். லேப்டாப்பில் செருகும் ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளே அதை வாங்கிவிடும், விலையுயர்ந்த ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டாம். எல்என்பி பிஎல்எல் (கிரிஸ்டலோடு அதிர்வெண்ணைப் பூட்டிவைக்கும்) வகையாக இருக்கட்டும். பழைய வகை வெயிலில் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் நகர்ந்துவிடும். ஹார்ன் தனியாகக் கழலும் ஃபிளாஞ்ச் வகையாகவும் பார்த்து வாங்குங்கள். அந்தத் திருகுகளின் அருமை 10-ஆம் படியில் தெரியும்.

இணைக்கும் வரிசை இதுதான்: எல்என்பி, பயஸ்-டீ, 20 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது), எஸ்டிஆர். எல்என்பிக்குப் போகும் 13 அல்லது 18 வோல்ட்டை எஸ்டிஆர் பக்கம் போகவிடாமல் தடுப்பது பயஸ்-டீதான். வரிசையை மாற்றி மாட்டியதில் ஒரு டாங்கிளை நானே எரித்திருக்கிறேன். வாசனை நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்தது சக்தி. "அளக்கிறோமே, சோர்ஸில் கொஞ்சம் தாராளமாகவே விடலாம்" என்பது எல்லோருக்கும் வரும் எண்ணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சோர்ஸ் 10 மில்லிவாட், அதாவது 10 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்த டிபி அளவு). ஆன்டெனா 6, பாதை இழப்பு 93, டிஷ் 34. எல்என்பியின் வாசலுக்கு வருவது மைனஸ் 43 டிபிஎம். எல்என்பி 55 டிபி பெருக்கினால் வெளியே 12 டிபிஎம் வரவேண்டும். அவ்வளவு அதனால் தர முடியாது. பீமின் உச்சி மழுங்கிவிடும். உச்சி மழுங்கினால் சைடுலோப்கள் உயர்ந்தும் பீம் அகன்றும் தெரியும். பார்க்க மட்டும் படம் அழகாகவே இருக்கும்.

அதனால் அட்டெனுவேட்டர் போட்டுச் சோர்ஸை மைனஸ் 30 டிபிஎம்முக்கு இறக்குங்கள். அப்போது எல்என்பியின் வாசலில் உச்சி மைனஸ் 83. 1 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இரைச்சல் மைனஸ் 143-க்குப் பக்கம். நடுவே 60 டிபி இருக்கிறது, சைடுலோப்களுக்கு அது தாராளம்.

எஸ்டிஆர் மென்பொருளில் தானியங்கி கெயினை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், சிக்னல் குறையும் இடத்திலெல்லாம் அதுவே ஏற்றிவிட்டு உங்கள் பீமைத் தட்டையாக்கிவிடும். கெயினைக் கையால் வைத்து, உச்சியில் சிக்னல் முழு அளவுக்கு 6 முதல் 10 டிபி கீழே இருக்கும்படி நிறுத்துங்கள்.

சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் எஃப்எஃப்டியில் எந்த விண்டோ (தரவுத் துண்டுக்கு எடை போடும் முறை) என்பதும் முக்கியம். அதிர்வெண் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், சிக்னல் இரண்டு பின்களுக்கு (அதிர்வெண் கட்டங்களுக்கு) நடுவில் விழும் தருணமும் வரும். அப்போது சாதாரணச் செவ்வக விண்டோவில் 3.9 டிபி வரை குறைவாகக் காட்டும், ஹான் விண்டோவில் 1.4 டிபி. ஃபிளாட்-டாப் விண்டோவில் இந்தப் பிழை இல்லை என்றே சொல்லலாம். அதைப் போட்டு, ஒரே அதிர்வெண்ணைப் பார்க்காமல் சுற்றி 200 கிலோஹெர்ட்ஸுக்குள் உள்ள உச்சியைப் பிடித்து, நொடிக்கு 10 முறை பதிவு செய்யுங்கள்.

5. மாடியிலேயே முடித்துவிட வேண்டிய சோதனைகள்

கண்மாய்க்குப் போவதற்கு முந்தின நாள் சோர்ஸை எதிர் மாடியில் வைத்து மூன்று சோதனைகளை முடித்துவிடுங்கள்.

முதல் சோதனை நேர்கோட்டுத்தன்மை. சோர்ஸில் கூடுதலாக ஒரு 10 டிபி அட்டெனுவேட்டர் போட்டால் ரீடிங் 10 டிபி குறைய வேண்டும். 8 டிபிதான் குறைந்தது என்றால் ஏதோ ஒன்று திணறுகிறது. எது என்று கண்டுபிடிக்க எஸ்டிஆருக்கு முன்னுள்ள அட்டெனுவேட்டரைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் 8 தான் என்றால் திணறுவது எல்என்பி.

இரண்டாவது சூடேறும் நேரம். சோர்ஸையும் எல்என்பியையும் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். முதல் கால் மணியில் அளவு நகர்வது தெரியும். களத்திலும் அதே அளவு நேரம் காத்திருக்க வேண்டும். விசிறிக் காற்று போர்டைக் குளிர்விக்கும் என்பதால் ஒரு மேசை விசிறியை வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது பேட்டரி. சோர்ஸுக்கு ரெகுலேட்டர் வழியாகத்தான் மின்சாரம் போகிறதா, பேட்டரி இறங்கும்போது அளவு மாறுகிறதா என்று பாருங்கள்.

6. இடம்: சாதாரண ஜிபிஎஸ் போதாது

பீம் 6 மீட்டர் அகலம். அதைப் பத்துப் பங்காகவாவது பிரித்துப் பார்க்க வேண்டும், அதாவது 60 சென்டிமீட்டர். சாதாரண ஜிபிஎஸ் 2, 3 மீட்டர் தவறுவது சகஜம், 100 மீட்டரில் அது ஒன்றரை டிகிரி. பீமின் பாதி போயிற்று. ஆகவே ஆர்டிகே (தரையில் நிற்கும் பேஸ் ஸ்டேஷனை வைத்து ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் முறை) உள்ள ட்ரோன் வேண்டும். அதில் பிழை சில சென்டிமீட்டருக்குள் நிற்கும்.

ஆர்டிகே இருந்தும் தவறுவது எப்படி என்று பார்ப்போம். ட்ரோனின் இடம் பேஸ் ஸ்டேஷனை வைத்துத் துல்லியமாக வருகிறது. டிஷ்ஷின் இடத்தையோ கைபேசியில் எடுத்து எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். டிஷ்ஷின் இடமும் அதே பேஸிலிருந்து வந்தால்தான் கழித்தல் சரியாக வரும். எளிய வழி: டிஷ் நிற்கப்போகும் முக்காலியின் மேல் முதலில் ட்ரோனையே வைத்து, ஆர்டிகே "ஃபிக்ஸ்" ஆனதும் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். அப்புறம் முக்காலியை அசைக்காமல் ட்ரோனை எடுத்துவிட்டு டிஷ்ஷை மாட்டுங்கள். ட்ரோனின் ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் டிஷ்ஷின் நடுவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள்.

பதிவில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆர்டிகே நிலை இருக்கும். "ஃப்ளோட்" (திருத்தம் இன்னும் பூட்டாத நிலை) என்று வந்த புள்ளிகளை இரக்கமில்லாமல் நீக்குங்கள். உயரத்துக்கு ஆர்டிகே தரும் எண்ணை எடுங்கள். திரையில் பெரிதாகத் தெரியும் உயரம் பெரும்பாலும் காற்றழுத்தமானியிலிருந்து வருவது, வெயில் ஏற ஏற அது நகரும்.

7. நேரம்: 18 நொடி எங்கே போயிற்று?

ட்ரோனின் பதிவு ஒரு கடிகாரத்தில், ரிசீவரின் பதிவு லேப்டாப் கடிகாரத்தில். பிறகு இரண்டையும் பொருத்த வேண்டும். என் முதல் நல்ல பறப்பில் பீம் டிஷ் பார்த்த திசையிலேயே இல்லை, 20 டிகிரி தள்ளி நின்றது. டிஷ் வளைந்துவிட்டதோ என்று அளவுகோலை வைத்துக்கூடப் பார்த்தேன். கடைசியில் ட்ரோனின் பதிவு ஜிபிஎஸ் நேரத்தில் இருந்தது தெரிந்தது. ஜிபிஎஸ் நேரம் இப்போது உலகப் பொது நேரமான யுடிசியைவிட 18 நொடி முன்னே ஓடுகிறது, லீப் நொடிகளை அது சேர்த்துக்கொள்வதில்லை. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 18 நொடி என்றால் 36 மீட்டர். அன்றிலிருந்து எல்லாவற்றையும் யுடிசிக்கு மாற்றிவிட்டுத்தான் பார்க்கிறேன். இந்திய நேரத்தின் ஐந்தரை மணிக் குழப்பமும் அதோடு ஒழிந்தது.

18 நொடியைக் கழித்த பிறகும் எஸ்டிஆரின் தாமதம் மிச்சமிருக்கும். 0.2 நொடி தாமதமே 40 சென்டிமீட்டர், 0.23 டிகிரி. இதைப் பிடிக்க ஒவ்வொரு கோட்டையும் போகும்போதும் வரும்போதும் பறந்து அளக்க வேண்டும். தாமதம் இருந்தால் உச்சி ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் தள்ளித் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் பாதியை வேகத்தால் வகுத்தால் அதுதான் தாமதம். அதைக் கழித்ததும் இரண்டு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். உட்காராவிட்டால் தாமதம் நிலையாக இல்லை என்று அர்த்தம். அப்படியென்றால் லேப்டாப்பில் பின்னணியில் ஓடுகிறதையெல்லாம் மூடுங்கள்.

8. முதல் பறப்பு: உச்சியைத் தேடுவது

டிடிஎச் டிஷ் ஆஃப்செட் வகை. அதன் முகம் பார்க்கும் திசையும் பீமின் திசையும் வேறு. முகத்தை நேர் செங்குத்தாக நிறுத்தினால் பீம் 20 டிகிரிக்குச் சற்று மேலே வானத்தைப் பார்க்கும். நமக்கு இது வசதிதான். 22 டிகிரி என்று வைத்தால் 100 மீட்டர் தூரத்தில் ட்ரோன் 37 மீட்டர் உயரத்தில் நின்றால் போதும். புதியவர்கள் ட்ரோனை டிஷ்ஷுக்கு நேர் எதிரே தாழ்வாக நிறுத்திவிட்டு, சிக்னல் வரவில்லை என்று கனெக்டரைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

எதிர்பார்க்கும் திசையைச் சுற்றி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் 8 டிகிரி அளவுக்கு, 1 டிகிரி இடைவெளியில் உழவு சால் போலப் போய்வரும் பாதை ஒன்றைப் போடுங்கள். ட்ரோனின் மூக்கு எப்போதும் டிஷ்ஷைப் பார்த்தே இருக்கட்டும். தரவில் உச்சிக்குப் பக்கத்துப் புள்ளிகளை மட்டும் எடுத்து, டிபி அளவில் ஒரு பரவளையத்தைப் பொருத்தினால் உண்மையான பீம் திசை கிடைக்கும்.

இந்தப் பறப்பை மிச்சம்பிடிக்கப் பார்க்காதீர்கள். உச்சியைத் தவறவிட்டு, அரை பீம் அகலம் தள்ளி வெட்டினாலும் வளைவின் வடிவம் சரியாகவே வரும். கெயின் மட்டும் 3 டிபி வரை குறைவாக இருக்கும். வடிவம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

9. வெட்டுகள்

கண்டுபிடித்த உச்சியின் வழியாக ஒரு கிடைவெட்டு, ஒரு நெடுவெட்டு. இரண்டிலும் இருபுறமும் 20 டிகிரி வரை. நடு 5 டிகிரியில் நொடிக்கு 1 மீட்டர், வெளியே 2 மீட்டர். ஒரு கிடைவெட்டு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஒரே பேட்டரியில் இரண்டையும் போய்வந்து அளக்கலாம்.

ஒவ்வொரு பறப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் உச்சியில் பத்து நொடி நிறுத்துங்கள். இரண்டு ரீடிங்குக்கும் 0.3 டிபிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பறப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இடையில் எங்கே நகர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு எல்என்பியின் வோல்டேஜை 13-லிருந்து 18-க்கு மாற்றினால் குறுக்குப் போலரைசேஷன் (சோர்ஸின் அலை அதிரும் திசைக்கு 90 டிகிரி திரும்பிய திசை). இதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் பக்கவாட்டில் போகும்போது சாயத்தான் செய்யும். 3 டிகிரி சாய்ந்தாலே மைனஸ் 26 டிபி போலியாக வந்துவிடும். அதற்குக் கீழே உள்ளதை நம்ப வேண்டுமானால் ட்ரோனை அசையாமல் நிறுத்தி நிறுத்தி அளக்க வேண்டும். பொறுமை இருந்தால் செய்யலாம்.

10. கெயின்: ஹார்னை வைத்து ஒப்பிடுவது

சோர்ஸின் சக்தி, கேபிள் இழப்பு, எல்என்பி கெயின் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து கூட்டுவது தலைவலி. எல்என்பியை டிஷ்ஷிலிருந்து கழற்றி, கெயின் தெரிந்த 20 டிபிஐ ஹார்னில் மாட்டி, அதே இடத்தில் ட்ரோனைப் பார்த்து வையுங்கள். ட்ரோன் உச்சித் திசையில் நிற்கட்டும். டிஷ்ஷுக்கும் ஹார்னுக்கும் உள்ள ரீடிங் வித்தியாசத்தோடு 20-ஐக் கூட்டினால் டிஷ்ஷின் கெயின். எல்என்பி, கேபிள், எஸ்டிஆர் மூன்றும் இரண்டிலும் ஒன்றே என்பதால் அவற்றின் தவறுகள் கழிந்துவிடும். ஹார்ன் 1 மீட்டர் முன்பின் இருந்தாலும் 0.1 டிபிதான்.

ஹார்னின் பீம் அகலமானது என்பதால் தரையிலிருந்து திரும்பி வரும் அலையையும் அது கேட்கும். நேர் அலையைவிட 20 டிபி குறைந்த எதிரொலிகூட ரீடிங்கை ஏறக்குறைய 0.9 டிபி மேலும் கீழும் ஆட்டும். ஹார்ன் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தால், ட்ரோன் சுமார் 1 மீட்டர் ஏறும்போது ஒரு முழு ஆட்டம் வந்து போகும். ஆகவே ஒரே இடத்தில் நிறுத்தி ரீடிங் எடுக்காதீர்கள். ட்ரோனை 5 மீட்டர் மெதுவாக ஏற்றி இறக்கி, வரும் அலையின் நடுக்கோட்டை எடுங்கள்.

விடை 36.3 டிபிஐயைத் தாண்டினால் கொண்டாடாதீர்கள். 100 சதவீதத்துக்கு மேல் திறன் உள்ள டிஷ் கிடையாது. ஒன்று ஹார்னின் எண் தவறு, இல்லையென்றால் ஹார்ன் ட்ரோனை நேராகப் பார்க்கவில்லை. 33-இலிருந்து 34.5 வரை வந்தால் நம்பலாம்.

11. தரவைத் திருத்துவது

ஒவ்வொரு புள்ளிக்கும் டிஷ்ஷிலிருந்து ட்ரோனுக்கான திசையையும் தூரத்தையும் கணக்கிடுங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனா ட்ரோனின் உச்சியில், வேவ்கைடு வாய் அடியில் முன்னே. அந்த இடைவெளியை ட்ரோனின் சாய்வோடு சேர்த்துத் திருத்துங்கள். தூரம் 100 மீட்டரிலிருந்து விலகினால் அதற்கான இழப்பைச் சேருங்கள். 100க்குப் பதில் 105 என்றால் 0.4 டிபி.

அடுத்தது கோணம், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். ட்ரோன் 22 டிகிரி உயரத்தில் கிடைவட்டமாகப் பறக்கும்போது திசைகாட்டிக் கோணம் 10 டிகிரி மாறினால், பீமிலிருந்து உண்மையில் விலகியது 9.3 டிகிரிதான். திசைகாட்டிக் கோணத்தையே வரைபடத்தில் போட்டால் பீம் 8 சதவீதம் அகலமாகத் தெரியும். அதோடு விடாது. கிடைவட்டம் டிஷ்ஷின் தளத்தை விட்டு வளைந்து விலகும், 20 டிகிரியில் விலகல் 1.2 டிகிரி. எல்லாத் திசைகளையும் அலகு வெக்டர்களாக மாற்றி, பீம் திசையை அச்சாக வைத்துச் சுழற்றிவிட்டுப் படம் போடுங்கள். பைதானில் பத்து வரி. முடிந்தால் பாதையையே அந்தத் தளத்தில் வளைத்துப் போடுங்கள்.

மூலப் பதிவுகளை அழிக்காதீர்கள். திருத்தத்தில் தவறு இருப்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

12. படத்தைப் படிப்பது

முதலில் பீம் அகலம். 3.4-க்குப் பக்கத்தில் இருக்கிறதா? 5 டிகிரி என்றால் டிஷ்ஷைக் குறை சொல்லும் முன் 5-ஆம் படியின் நேர்கோட்டுத்தன்மைச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பீமின் இருபக்கப் பள்ளங்களும் ஒரே மாதிரி நிரம்பி, தோள் போலப் புடைத்திருந்தால் எல்என்பி குவியத்துக்கு முன்னேயோ பின்னேயோ இருக்கிறது. ஒரு பக்கச் சைடுலோப் மட்டும் பெரிதாகி, பீமும் எதிர்ப்பார்த்த திசையிலிருந்து விலகியிருந்தால் எல்என்பி பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது. எல்என்பி தாங்கியின் திருகைத் தளர்த்தி, 5 மில்லிமீட்டர் நகர்த்தி, புதிய நிலையை மார்க்கரால் கோடு போட்டுவிட்டு அடுத்த பேட்டரியை மாட்டுங்கள். ஒரு பறப்புக்கு ஒரே ஒரு மாற்றம். திருகு, வோல்டேஜ், டிஷ்ஷின் சாய்வு என்று மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டுப் பறந்தால், எதனால் மாறியது என்று அந்தக் கண்மாயைத்தான் கேட்க வேண்டும்.